தொட்டிக்கு மணல் மாற்றிய பொங்கல்

2009 பொங்கலுக்கு முந்தின வாரம் முழுக்க நான் மணல் கழுவிக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்த சமயம் அது. அப்பா அம்மா கடலூரில். அக்காவின் கணவர், என் மாமா, கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். காலையில் ரயிலேறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் இருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் கையை விடுவார். உள்ளே ஒரே ஒரு மீன். ஆஸ்கர் என்று ஒரு வகை. கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் தீற்றல்கள், ஒரு சாண் நீளம். ஐந்து வருடமாக வளர்க்கிறார். அவர் விரல் நுனியை மெதுவாகக் கவ்விப் பார்த்துவிட்டு விடும். வேறு யார் கையை விட்டாலும் மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

"என் கையப் புடிச்சிக்கிட்டு இத்தினி நேரம் நின்னிருப்பாரா இந்த மனுஷன்?" என்பாள் அக்கா.

"அது திருப்பிப் பேசுதா பாரு" என்பார் மாமா.

எனக்கு அந்த மீனைவிடத் தொட்டியின் அடியில் கிடந்த நீலக் கல்தான் கண்ணை உறுத்தியது. வாங்கும்போது நல்ல நீலமாக இருந்திருக்கும். இப்போது சாயம் போய், பாதி வெள்ளை, பாதி பாசி. மீன் துப்பும் தீனி கல்லிடுக்கில் இறங்கி அழுகி, விரலால் கிளறினால் பழுப்புப் புகை எழும். கல்லூரி வாசலில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைப் பற்றியே படித்தேன். ஆஸ்கர் மண்ணைக் கிளறி விளையாடும் மீன், அதற்கு மணல்தான் சரி என்று எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதியிருந்தார்கள். கூடவே எச்சரிக்கையும் இருந்தது. மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் அம்மோனியா சேரும். அது விஷம். பழைய தொட்டியில் கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாதான் அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிறது. கல்லை மொத்தமாக எடுத்தால் பாக்டீரியாவும் மொத்தமாகப் போய்விடும். அதனால் முதலில் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது.

பிரிண்ட் எடுத்து, அடிக்கோடு போட்டு, மாமாவிடம் காட்டினேன்.

"இதுக்கு ஒண்ணும் ஆவாதே மச்சான்?" என்றார். கை தொட்டிக்குள் இருந்தது.

"பாதிப் பாதியா மாத்துனா ஒண்ணும் ஆவாது மாமா. நான் கேரண்டி."

அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொள்ளிடத்து மணல். மேஸ்திரியிடம் கேட்டு இரண்டு சாக்கு வாங்கி வந்து, சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவினேன். பத்துத் தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

போகியன்று செய்வதாகத் திட்டம். வீடே அன்று தலைகீழாகத்தான் கிடக்கும், இந்தக் குப்பையும் அதோடு போகட்டும் என்றாள் அக்கா. மாமாவுக்குக் கோர்ட் இருந்தது, போய்விட்டார். நான் தொட்டித் தண்ணீரில் பாதியை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் இறக்கி, மீனை அதில் விட்டு, மேலே ஈரத்துணி போட்டு மூடினேன். ஃபில்டரைக் கழற்றி, ஸ்பாஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரோடு ஒரு பக்கெட்டில் வைத்துப் பின்பக்கம் துவைக்கும் கல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அங்கேதான் நிழல் இருந்தது.

இடது பாதிக் கல்லை அள்ளி, அந்த இடத்தில் மணலைப் போட்டு முடித்தபோது மணி பதினொன்று. எல்லாம் திட்டப்படி. ஆனால் மீதிப் பாதி பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் தங்க நிறத்தில் மணல், இன்னொரு பக்கம் அழுகிய நீலம். கலங்கிய சேறு மணல் மேல் வந்து படிந்தது. இரண்டு வாரம் இப்படியே வைத்துக்கொண்டு, பொங்கலுக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்த்து, மறுபடி முதலிலிருந்து இதே வேலையா? எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. பரீட்சையில்கூட ஒரு கேள்வியையும் விடாமல் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறவன். ஸ்பாஞ்ச் இருக்கிறதே, அதில் இருக்கும் பாக்டீரியா போதாதா என்று எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். மீதிக் கல்லையும் அள்ளினேன். எல்லாக் கல்லையும் அலசி மொட்டை மாடியில் உச்சி வெயிலில் பரப்பினேன். அழுக்குத் தண்ணீரைத் தென்னைமரத்துக்கு ஊற்றினேன். மீதி மணலையும் போட்டுத் தண்ணீர் நிரப்பிவிட்டு ஸ்பாஞ்சை எடுக்கப் பின்பக்கம் போனால், பக்கெட் கவிழ்த்து வைத்திருந்தது.

"அக்கா, இந்த பக்கெட்ல ஒரு ஸ்பாஞ்சு இருந்துதே?"

"அதுவா? சீ, இன்னா நாத்தம்டா. ரெண்டு மொற பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வச்சு அலசி மாடில போட்டிருக்கேன். நல்ல நாளும் அதுவுமா அத வூட்ல வச்சிருப்பியா? புதுசு மாதிரி ஆயிடுச்சு, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். தலையணை உறைகளுக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரின் மேல், ஸ்பாஞ்ச் வெளேரென்று இருந்தது. அழுத்தினால் ஒரு சொட்டுகூட வரவில்லை. மறுபக்கம் என் நீலக் கல் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. அக்காவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? போகிக்கு அவள் கையில் சிக்கும் எதையும் அவள் அப்படித்தான் செய்வாள். ஸ்விட்ச் போர்டைக்கூட ஈரத்துணியால் துடைக்கிறவள். பக்கெட்டைக் கொண்டுபோய் அவள் துவைக்கும் இடத்தில் வைத்தது நான்.

மீனை டிரம்மிலேயே வைத்திருக்க முடியாது. மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஸ்பாஞ்சை நிறையத் தண்ணீரில் அலசிப் பொருத்தி, மீனை விட்டேன்.

சாயங்காலம் மாமா வந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மணலை வாயால் அள்ளி அள்ளித் துப்பிக்கொண்டிருந்தது மீன்.

"யோவ் மச்சான், ஷோரூம் மாதிரி பண்ணிட்டியே! ஆமா, பாதின்னுதானே சொன்ன?"

"நல்லா வந்துச்சு மாமா. அப்படியே முடிச்சிட்டேன்."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. விஷம் முதல் நாளே தெரியாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் தெரியும். அது என் பிரிண்ட்டிலேயே இருந்தது. நானே அடிக்கோடு போட்ட வரி.

பொங்கலன்று பானை பொங்கும்போது எல்லோரும் சத்தம் போட்டார்கள். நானும் போட்டுவிட்டு உள்ளே ஓடித் தொட்டியைப் பார்த்தேன். மீன் நிறம் மங்கியிருந்தது. மாமா போட்ட தீனியை வாய்க்குள் வாங்கித் துப்பியது. "புது எடம், வெக்கப்படுது" என்றார் அவர். நான் யாரும் பார்க்காதபோது இரண்டு பக்கெட் தண்ணீர் மாற்றினேன். சாப்பிட உட்கார்ந்தால் கண் கூடத்துப் பக்கமே போனது. அக்கா இரண்டாவது தடவை சர்க்கரைப் பொங்கல் வைத்ததுகூடத் தெரியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலையில் மீன் மேல்மட்டத்தில் நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. துடுப்புகள் உடம்போடு ஒட்டியிருந்தன. வால் ஓரத்தில் சிவப்பாக நரம்பு ஓடியது. மாமா கையை விட்டார். அது கவ்வவில்லை. விலகிக்கூடப் போகவில்லை. அவர் விரல் அதன் முதுகில் பட்டது, அது அப்படியே நின்றது.

"இன்னா மச்சான் இது?"

சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "அக்கா ஃபில்டர் ஸ்பாஞ்ச பிளீச்சிங் போட்டு கழுவிட்டா மாமா. அதுல இருந்த நல்ல கிருமியெல்லாம் செத்துப்போச்சு. அதான்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மாமா திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு இன்னாங்க தெரியும்? சுத்தமா இருக்கட்டும்னுதானே கழுவுனேன்" என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா கூடத்துப் பக்கமே வராமல் பின்பக்க வழியாகப் போய்வந்துகொண்டிருந்தாள்.

செய்வதற்கு ஒன்றுதான் பாக்கி. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய தொட்டியிலிருந்து அழுக்கான ஸ்பாஞ்ச் வேண்டும். பொங்கலுக்கு ஊரில் ஒரு மீன் கடையும் திறக்கவில்லை. மாமா இந்த மீனை வாங்கிய கடை கடலூரில். கடைக்காரர் வீடு கடைக்குப் பின்னாலேயே என்பது எனக்குத் தெரியும். காணும் பொங்கலன்று காலையில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் முழுக்கப் பீச்சுக்குப் போகும் குடும்பங்கள். புளிசாதத் தூக்கு, பலூன், புதுச்சட்டை. பி.முட்லூரில் நின்றது, புதுச்சத்திரத்தில் நின்றது, கை காட்டிய இடத்தில் எல்லாம் நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அந்த மீனின் வாய் திறந்து மூடுவது கண்ணுக்குள் வந்தது.

கடைக்காரர் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மீன் கேட்டு வருவான், செடி கேட்டு வருவான். காணும் பொங்கல் அன்னிக்கு அழுக்கு கேட்டு வந்த மொத ஆளு நீதாம்பா" என்றார். உள்ளே திரும்பி, "ஏய், இங்க ஒருத்தன் நம்மகிட்ட அழுக்கு இருக்குதான்னு கேக்கறான்" என்று மனைவியிடம் கத்தினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "உங்க தலைல எண்ண வச்சு ஒரு வாரமாவுது, அதக் குடுத்தனுப்புங்க!"

அவர் கடைக்குள் கூட்டிப்போனார். தொட்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தொட்டியில் கையை விட்டவர் நிறுத்திக் கேட்டார்.

"ஸ்பாஞ்ச் சரி. கல்லு எவ்ளோ எடுத்த?"

"எல்லாத்தையும்."

"ஒரே நாள்லயா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்புறம் எதுக்குய்யா அக்கா மேல போடுற? கல்லு பாதி கெடந்திருந்தா, அந்தம்மா ஸ்பாஞ்ச அடுப்புல போட்டு எரிச்சிருந்தாக்கூட மீன் தாங்கியிருக்கும்."

கறுத்து, வழவழவென்று, சேறு சொட்டும் ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துக் கவரில் போட்டு, தண்ணீர் கொஞ்சம், காற்று நிறைய அடைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். வெயிலில் காட்டாதே, தினமும் பாதித் தண்ணீர் மாற்று, தீனி போடவே போடாதே என்றார்.

திரும்பி வரும்போது அதை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "மீனா தம்பி? காணோமே?" என்றார். மீனுக்கு மருந்து என்றேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வழியெல்லாம் இரண்டு பயம். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மீன் உயிரோடு இருக்குமா என்பது ஒன்று. இருந்தால் மாமாவிடம் மீதியைச் சொல்ல வேண்டுமே என்பது இன்னொன்று. செத்துப்போயிருந்தால் சொல்லவே மாட்டேன் என்றும் எனக்குத் தெரிந்தது. அந்த எண்ணம் வந்ததும் மடியிலிருந்த கவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உயிரோடு இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, ஆனால் செவுள் அசைந்தது. ஸ்பாஞ்சைப் பொருத்தினேன். டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மாற்றினேன். மாமா நாற்காலியை விட்டு எழவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மாமா, ஸ்பாஞ்சால மட்டும் இல்ல. கல்ல பாதி வுட்டிருக்கணும். நான்தான் மொத்தத்தையும் எடுத்தேன். எடுத்தா என்னாவும்னு எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். "நான் கேட்டனேடா. பாதிதானேன்னு."

"ஆமா மாமா."

"ரெண்டு நாளா அவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல நான்." குரல் இறங்கியது. "போய் அவகிட்ட சொல்லு. மொதல்ல போ."

சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். "எரும! நானே கொன்னுட்டேன்னு அந்தத் தொட்டிப் பக்கம் போகாம பின்பக்கமா சுத்திக்கிட்டு கெடக்கறேன், நீ பாட்டுக்கு வடை தின்னுட்டுத் திரியறியா?" திட்டி முடிக்க நேரமானது. முடித்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரம்மிலிருந்து ஒரு பக்கெட் மொண்டு வந்தாள்.

அதன்பிறகு மாமாவுக்கு அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கோபத்தில் பேசாமல் இருந்தவர் இப்போது கூச்சத்தில் பேசாமல் இருந்தார். காலையும் மாலையும் நான் டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீரை வெளியேற்றுவேன், அக்கா புதுத் தண்ணீர் கொண்டுவருவாள், மாமா தொட்டி ஓரத்தில் நிற்பார். நான் வகுப்புக்குப் போகவில்லை. மீன் ஒரு நாள் நிமிரும், மறுநாள் சாயும். ஒரு கண் வெண்மையாகப் பூத்தது.

ஸ்பாஞ்ச் மாற்றிய ஆறாம் நாள் காலை. நான் தரையில் குந்தி டியூபை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கெட்டைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றியபோது அவள் கை விளிம்பில் இருந்தது. மீன் அடியிலிருந்து எழும்பி வந்து அவள் வளையலைக் கவ்வியது. பக்கெட் பாதி கீழே போனது.

"ஏங்க! இங்க வாங்க! கடிக்குதுங்க, என்னைக் கடிக்குது!"

மாமா ஒரு கன்னம் சோப்பும் ஒரு கன்னம் வழித்ததுமாக ஓடி வந்தார். "எங்க, எங்க? கைய எடுக்காத, அப்படியே வையி!" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் குனிந்து நின்றார்கள். நான் என்னவோ கேட்க வாயைத் திறந்தேன். தொட்டித் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.