கசப்பு வரிசை

அன்று அடுக்குமாடிக்குப் பின்னால், மரவள்ளிப் பாத்தி ஓரம் நின்றவர்கள்: குடியிருப்புத் தலைவர். பக்கத்தில் செயலாளர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த மூன்றாம் மாடிக்காரர். அவர் மனைவி. கையில் பாராங் கத்தியோடு என் அண்ணி. அண்ணிக்குப் பின்னால் நான்.

செடெனாக் பக்கம் எங்கள் எஸ்டேட்டை மூடியபோது மற்றவர்கள் லோரியில் அலமாரி ஏற்றினார்கள். அண்ணி மரவள்ளிக் குச்சிகளைக் கட்டி ஏற்றினார், ஒன்பது வகை. டிரைவர் வீட்டு மஞ்சள், கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சிவப்புக் காம்பு. குச்சி கொடுத்த வீட்டின் பெயர்தான் கிழங்குக்கும். ஒன்று சீக்கிரம் விளையும். ஒன்று தண்ணீர் நின்றாலும் அழுகாது. ஒன்று கசப்பு; துருவி, ஊறவைத்து, பிழிந்து மாவாக்கினால்தான் வாயில் வைக்கலாம். எஸ்டேட்டில் அதை வெளிவரிசையில் நடுவோம். காட்டுப்பன்றி முதல் கடியிலேயே திரும்பிவிடும். இங்கே பன்றி இல்லை. அண்ணி பழக்கத்தில் அப்படியே நட்டார். மூன்றாம் மாடிக்காரர் யாரையும் கேட்காமல் ஓரத்தில் பிடுங்கி, அவித்துத் தின்றுவிட்டார்.

“எல்லாத்தையும் பிடுங்கிருங்கக்கா. கடையில விக்கிற ரகம் ஒன்னு மட்டும் நடுங்க, போதும்லா,” என்றார் தலைவர்.

“ஒன்னே ஒன்னு நட்டு, அதுக்கு நோவு வந்தா எல்லாம் சேந்து படுத்துரும். அப்ப உங்க வீட்ல வந்து குச்சி கேக்கவா?”

“இது விஷம்கா.”

“பன்னிக்கு வச்சேன். மனுசன் வந்தா நான் என்ன செய்றது?”

மூன்றாம் மாடிக்காரரின் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாக் கேட்டுக்குங்க,” என்றார் புருஷனிடம்.

அண்ணி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கி வந்தார். ‘கசப்பு, தின்னாதே’ என்று தமிழிலும் மலாயிலும் பலகை வைத்தார். பிடுங்கவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தலைவர் ஆள்விட்டு எல்லாச் செடியையும் வெட்டிவிட்டார். தண்டுகள் சாக்கடை ஓரம் குவிந்து கிடந்தன. அண்ணி குவியலைச் சுற்றி வந்தார்.

“நமக்கு வேலை மிச்சம், தம்பி. குச்சி வெட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க.”

மரவள்ளியை நாங்கள் விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டை வெட்டி நட்டால்தான் அடுத்த செடி. வெட்டினால் செத்துவிடும் என்று தலைவர் நினைத்துக்கொண்டார். அண்ணி உட்கார்ந்து வகைவகையாகப் பிரித்தார். கசப்பை நாங்களே வைத்துக்கொண்டோம். மற்றதில் பாதியை நட்டார். மீதியைக் கட்டுக்கட்டாக மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் மாடிக்கும் கொடுத்தார், மஞ்சள். வாங்கியவர்கள் வேலி ஓரம், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் என்று நட்டார்கள். தலைவர் எத்தனை வீட்டோடு சண்டைக்குப் போவார்?

அண்ணி இப்போது இல்லை. தலைவரும் மாறிவிட்டார். புதியவர் இன்று காலை வந்தார். பார்க்க அழகாக, ஒரே ரகமாக நடச் சொன்னார். வெட்டிப் பாருங்கள் என்றேன். அவர் போன பிறகு கசப்பு வரிசைக்கு மண் அணைத்தேன். அப்படியே ஒவ்வொரு வீட்டுப் பாத்திக்கும் நடந்து, உயிரோடு நிற்கிற வகைகளை எண்ணினேன்.

ஒன்பது.