வெள்ளிக்கிழமை வெல்லம்

முடியாததை முடியாது என்று சொல்லக் கிருஷ்ணவேணிக்கு வாய் கூசாது. நாகர்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் இறந்த பிறகு, திருவனந்தபுரத்துக்கு வெளியே அவர் விட்டுப்போன லாயத்தை நடத்துகிறாள். குதிரைகள் எல்லாம் ஊராருடையவை. தீனி போட, சாணம் வார, காவல் இருக்க அவளும் வேலையாள் ஐயப்பனும்தான்.

ஆரியசாலை வெல்ல மண்டிக்காரர் உமாசங்கரின் பெண்குதிரை பவானிக்குக் குளம்புக்குள் வீக்கம் கண்டது. டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: இனிப்பே கூடாது, காய்ந்த புல்லையும் ஊறவைத்து அதிலுள்ள இனிப்பை இறக்கித்தான் போட வேண்டும், காலைக் குளிர்ந்த நீரில் அடிக்கடி நிறுத்த வேண்டும். தப்பினால் குளம்புக்குள் எலும்பு இறங்கிவிடும். அப்புறம் குதிரை எழுந்து நிற்காது.

“நீதான் எல்லாம் பாத்துக்கிடணும், தங்கச்சி,” என்றார் உமாசங்கர்.

“தீனிக்கு நான் பொறுப்பு, அண்ணாச்சி. படுக்கைக்கும் பொறுப்பு. ஆனா நாள் முச்சூடும் ஒண்ணுகிட்டயே நிக்க எங்களால பற்றாது. பின்ன மத்த குதிரைய யாரு பாப்பா?”

அவர் தலையாட்டினார். பெரிய மனுஷர் தலையாட்டலை நம்பினால் ஆயிற்றா?

பவானி தேறித்தான் வந்தாள். ஒரு சனிக்கிழமை விடிந்ததும் பார்த்தால், முன்னங்காலை ஊன்ற மாட்டாமல் தவிக்கிறாள், குளம்பு சுடுகிறது.  பச்சைப்புல் போட்டாயா என்று ஐயப்பனைக் கிருஷ்ணவேணி வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

“கண்ணுல காணிச்சதுகூட இல்லக்கா,” என்றான் அவன்.

அப்போதுதான் தீனித்தொட்டியில் எறும்புச் சாரை கண்ணில் பட்டது. நக்கியது போக மிச்சமாக ஒரு வெல்லத் துணுக்கு. அவளுக்கு விளங்கிவிட்டது. வெள்ளிதோறும் மண்டியில் சாமிக்குப் படைத்த முதல் அச்சு வெல்லம் பவானிக்கு. குட்டியாக வாங்கிய நாள் முதல் அது அந்த வீட்டு வழக்கம். அண்ணாச்சி நேற்று வந்துபோயிருந்தார். பெரிய மண்டிக்காரர்; பூனைக்கு யார் மணி கட்டுவது? அவள்தான் கட்ட வேண்டும்.

அடுத்த வெள்ளி அவர் வாழையிலைப் பொட்டலத்துடன் வந்தபோது வாசலை மறித்து நின்றாள்.

“ஒரு துண்டுதானே, சாரமில்ல, பரவால்ல. சாமிக்கு வச்சது. என்ன வந்துரப் போவுது?”

“வந்தாச்சு, அண்ணாச்சி. நேத்து வரைக்கும் படுத்தே கெடந்தா. சாமி கோவிச்சா எங்கிட்ட வரட்டும். வெல்லம் உள்ள போவாது. இல்லேன்னா இன்னைக்கே வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போங்க.”

“என் குதிரையாக்கும் அது.”

“உங்க குதிரைதான். சாவப் போறதும் அதுதான்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விலகவில்லை. பொட்டலத்தை வாங்கி ஐயப்பனிடம் நீட்டினாள். “நீ தின்னு. அன்னைக்கு வெறுதே ஒன்ன ஏசிட்டேன்.”

பிறகு தண்ணீர் நிரம்பிய அகல வாளியை உமாசங்கர் பக்கம் நகர்த்தினாள். “எங்களுக்கு ஆவாதது இது ஒண்ணுதான். அவமேல பிரியம் இருந்தா தெனம் வந்து, கால தண்ணில நிறுத்திட்டுக் கூட நில்லுங்க.”

உமாசங்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பவானி ஆவலாக அவர் உள்ளங்கையை நக்க வந்தாள். அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கழுவி முகர்ந்து பார்த்தார். வெல்ல வாசம் போகவில்லை. மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தார்.