திரி இல்லாத வெடி

நான் சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிக்குச் சணல் சுற்றுகிறேன். படித்தது ஆறாவது வரைதான். பயமும் சந்தேகமும் மட்டும் எனக்கு நிறைய உண்டு.

போன மாதம் ஒருநாள், வெடிமருந்து வரவில்லை, வேலை இல்லை என்று எங்களை ஏற்றிவந்த கம்பெனி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடன் வேலை பார்க்கும் செல்வி, "வாங்கக்கா, மலை ஏரியப் பாத்துட்டு வருவோம்" என்று அப்படியே என்னைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

மலைப் பாதையில் பையோடு வந்த ஓர் ஆள் எங்களைக் கண்டதும் புதருக்குள் ஒதுங்கினான்.

"இவன் முழியே சரியில்லடி."

"உங்களுக்கு உங்க நெழலப் பாத்தாலும் சந்தேகந்தான்!"

ஏரிக்கரையில் சாப்பிட உட்கார்ந்தோம். சருகுக்குள் சணல் சுற்றிய உருண்டை ஒன்று கிடந்தது. "நம்ம சரக்கு மலையேறி வந்திருக்குக்கா!" என்று சிரித்தபடி செல்வி அதைக் கையில் எடுத்தாள்.

சுற்று இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவள் விரலும் தானாக அங்கே போனது. நானோ திரியைத் தேடினேன். திரியே இல்லை. மேலே ஏதோ கொழுப்பு தடவி, எறும்பு மொய்த்திருந்தது. பற்றவைக்க முடியாத வெடியை யார் செய்வார்கள்?

"ஏ செல்வி, அமுக்காத! மெதுவாக் கீழ வையி!"

வைத்ததும் ஓடி இறங்கினோம். அடிவாரத்தில் வனக்காவலரிடம் சொன்னோம்.

"அது காட்டுப்பன்னிக்குத் திருட்டுத்தனமா வைக்கிற அவுட்டுக்காயிம்மா. கடிச்சாலும் வெடிக்கும், அமுக்குனாலும் வெடிக்கும். நல்லவேளை பொழச்சீக" என்றார்.

செல்வி தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போதெல்லாம் வெளியிடத்தில் கிடப்பது பழகிய பொருள் போலத் தெரிந்தால்தான் இன்னும் தள்ளி நிற்கிறேன். செல்வியும் என்னைக் கேலி செய்வதில்லை. எங்கே போனாலும், "நீங்க மொதல்ல பாத்துச் சொல்லுங்கக்கா, பெறகு உக்காருறேன்" என்கிறாள்.