இரண்டு விசில்

எங்கள் வீட்டுக் கூடத்தில் காலண்டர் மாட்டிய ஆணியிலேயே ஒரு விசிலும் தொங்குகிறது. பித்தளை விசில். அதன் கயிறு அழுக்கேறிக் கறுத்துவிட்டது. வாய் வைக்கும் இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். திருச்செங்கோட்டுக்கும் சேலத்துக்கும் நடுவே ஓடிய தனியார் பேருந்து ஒன்றில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதால் வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. தோள்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விசில் நானே வாங்கியது என்பதால் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. "எதுக்கு இதைப் போயி மாட்டி வெச்சிருக்கறீங்க, காத்தடிச்சா செவுத்துல லொட்டு லொட்டுன்னு அடிக்குது" என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். நான் பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஹவில்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கதையில் நான் நல்லவனாக வரமாட்டேன்.

பேருந்தில் விசிலுக்கு ஒரு முறை உண்டு. ஒரு தடவை ஊதினால் டிரைவர் நிறுத்த வேண்டும். இரண்டு தடவை ஊதினால் கிளம்ப வேண்டும். தனியார் வண்டியில் இந்த இரண்டாவது விசில்தான் உயிர்நாடி. இரண்டு நிமிஷம் தாமதித்தால் பின்னால் வரும் வண்டிக்காரன் ஏர்ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்து, சேலம் பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பிடிப்பான். அதனால் நான் விசிலை வாயிலிருந்து எடுப்பதே கிடையாது. டிக்கெட் கிழிக்கும்போதுகூடப் பல்லில் கடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஹவில்தார் மல்லசமுத்திரத்துக்கு முன்னால் இருக்கும் ஓர் ஊர்க்காரர். வடக்கே பனிமலையில் சண்டை நடந்தபோது அங்கே இருந்தவர் என்பதும், சர்வீஸ் முடிந்து வந்து கொஞ்சம் காட்டையும் இரண்டு மாட்டையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்பதும் அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரியும். காலை பத்தேகால் மணி டிரிப்புக்கு நிறுத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஏறி, டிரைவர் தெரிகிற மாதிரியான ஜன்னல் ஓர இருக்கையாகப் பார்த்து உட்காருவார். சேலத்துக்கு டிக்கெட் வாங்குவார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். சேலத்தில் இறங்கி ஒரு டீ குடிப்பார். மறுபடி எங்கள் வண்டியிலேயே ஏறி, ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு மறுபடி தூங்குவார். சேலத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் இப்படி. வினோதமான ஆள் என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று யோசித்ததில்லை.

ஒரு நாள் ஆட்டையாம்பட்டியில் கூட்டம் அதிகம். நான் அவர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டு விசில் ஊதினேன். மனிதர் தூக்கத்திலிருந்து எகிறினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்துப் பாய்ந்தார். அந்தப் பயணி மடியில் இரண்டு அட்டை முட்டை வைத்திருந்தார். முட்டை முழுக்க வண்டிக்குள் உடைந்து வழிந்தது. வழுக்கி இருவருமே விழுந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "காலங்காத்தால தண்ணியப் போட்டுட்டு வந்து ஏம்ப்பா எங்க உசுர வாங்கறே?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். மிலிட்டரிக்காரர் என்றால் குடிப்பார் என்று எனக்கு யார் சொன்னார்களோ. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து, முட்டி போட்டு, சேலம் வருகிற வரைக்கும் வண்டித் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தார். துண்டு கெட்டியாகி நாறியது. அவர் குடிப்பதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு மிலிட்டரி கேன்டீனில் கிடைக்கும் ரம்மைக் கேட்டு வாங்கிக் குடிப்பவர்கள் ஊரில் வரிசையாக இருந்தார்கள்.

மறுநாள் ஏறும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சாமி, அந்த விசிலைக் கொஞ்சம் ஊதாம இருக்க முடியுங்களா?"

"விசில் இல்லாம ஓட்டறதுக்கு இது என்ன மாட்டு வண்டிங்களா?" என்றேன்.

எங்கள் டிரைவர் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிறையப் பேசாத மனிதர். "உடு. குண்டுச் சத்தம்னு பயந்துக்கறாராட்ட இருக்குது. நீ கையக் காட்டு, நான் கண்ணாடியில பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து ஹவில்தார் இருக்கும் டிரிப்பில் நான் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். பின்படியில் நின்று கையை வெளியே நீட்டி ஆட்டுவேன். நேரம் போகத்தான் செய்தது. பின்வண்டிக்காரனிடம் திட்டு வாங்கியதும் நான்தான். புண்ணியம் சேர்க்கிறோம் என்கிற நினைப்பில் வாங்கிக்கொண்டேன். அந்த நினைப்பே எவ்வளவு அற்பமானது என்று இப்போது தோன்றுகிறது.

சேலத்தில் டீ குடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. தூக்கத்தைப் பற்றித்தான் பேசுவார். வீட்டில் படுத்தால் கனவு வருமாம், கத்துவாராம். ஒரு தடவை கனவில் மனைவியின் கையைப் பிடித்து இழுத்ததில் வளையல் உடைந்து கிழித்து ஐந்து தையல். அதற்குப் பிறகு வீட்டுக்குள் படுப்பதையே விட்டுவிட்டார். தாயத்துக் கட்டினார்கள். மந்திரித்த எலுமிச்சையைத் தலைமாட்டில் வைத்தார்கள். ஒரு டாக்டர் டிவியில் செய்தி பார்க்காதீர்கள் என்றாராம். இன்னொருவர் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் வாய் குழறியது. பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் பயணம். போனால் வேறொரு காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வரும். இத்தனை பேர் இத்தனை வருஷம் என்னதான் செய்தார்கள்?

"பஸ்ல மட்டும் எப்புடீங்க தூக்கம் வருது?" என்று கேட்டேன்.

"டிரைவர் முழிச்சிருக்கறாருங்களே. நீங்களும் முழிச்சிருக்கறீங்க. அந்தத் தைரியந்தானுங்க" என்றார்.

ஊர் அவரை மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மதித்துத்தான் பாடாய்ப் படுத்தியது. ஒரு சுதந்திர தினத்தன்று அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொள்ள, எங்கள் வண்டி நின்றது. பதக்கங்களைக் குத்திக்கொண்டு ஹவில்தார் கொடி ஏற்றினார். மாலை போட்டார்கள். 'வீரர்' என்று மைக்கில் நாலு தடவை சொன்னார்கள். அடுத்த நொடி, அவர் காலுக்குப் பத்தடி தள்ளி, பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டார்கள். அவர் சல்யூட்டை இறக்கவில்லை. முகம் மட்டும் வெளிறிக்கொண்டே போனது. புகை அடங்கியதும் பதக்கங்களோடு அப்படியே எங்கள் வண்டியில் ஏறினார். அன்று போகும்போதும் தூங்கவில்லை, வரும்போதும் தூங்கவில்லை. அந்தப் பட்டாசைக் கொளுத்தியவர்களைப் பிடித்து இரண்டு அறை விட வேண்டும் என்று இருந்தது. மறு வருஷம் நானே அதைவிட மோசமான காரியத்தைச் செய்வேன் என்று அப்போது தெரியாது.

மறு வருஷம் தை மாதம், ஹவில்தாரின் மனைவி திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு என்னைத் தேடி வந்தார். கையில் தையல் போட்ட தழும்பு இன்னும் தெரிந்தது.

"அண்ணா, ஒரு ஒதவி பண்ணோணுங்க. புள்ளைக்கு எடப்பாடியில ஒரு எடம் வந்திருக்குது. அவிங்க சொந்தக்காரர் ஒருத்தரு உங்க வண்டியில இவரப் பாத்திருக்கறாரு. ஊடு வாசல் இல்லாத ஆளாட்ட பஸ்ஸுல படுத்துக் கெடக்கறாரே, சித்தம் சரியில்லீங்களான்னு கேட்டுட்டாங்க. கல்யாணம் முடியற வரைக்கும், ரெண்டே மாசம், இவர ஏத்தாதீங்கண்ணா. நாஞ் சொன்னா அவரு மனசு ஒடைஞ்சு போயிரும். நீங்க சொன்னா செரிம்பாரு."

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பகலெல்லாம் காட்டில் பாடுபட்டு, இரவெல்லாம் வாசலில் உட்கார்ந்திருக்கும் புருஷனுக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்திருந்தவர். குறை என்மேல்தான். எனக்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சம்பந்தம் தட்டிப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் நிறுத்தத்தில் படியிலிருந்து இறங்கிச் சொன்னேன். "ரெண்டு மாசத்துக்கு வராதீங்க. புள்ளைக்காகத்தானுங்க." வேறு யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள். அவர் குதிகால் இரண்டையும் சேர்த்து நிமிர்ந்து நின்று, "செரிங்க" என்றார். மேலதிகாரி உத்தரவு போட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படி.

ஏறத்தான் வரவில்லை, ஆனால் பத்தேகாலுக்கு நிறுத்தத்தில் வந்து நின்றார். கை காட்ட மாட்டார், வண்டியைப் பார்ப்பார், அவ்வளவுதான். டிரைவர் அண்ணன் பழக்கத்தில் வேகத்தைக் குறைப்பார். நான் "போலாம் ரைட்" என்பேன். நான்காவது நாள் அண்ணன் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தியே விட்டார். அவருக்கு என்மேல் கோபம். பின்னால் அடுத்த வண்டி ஏர்ஹாரனை அடித்துக்கொண்டு வந்தது. ஹவில்தார் கண் சிவந்து, தாடை ஒட்டி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினேன்.

அவர் ஓடி வந்தார். வண்டி நகர்ந்துவிட்டது. செருப்பு ஒன்று கழன்று விழ, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, புழுதியில் அத்தனை தூரம் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார். உள்ளே யாரோ சிரித்தார்கள். இவ்வளவு சொல்லியும் சின்னப்பிள்ளை மாதிரி ஏறப் பார்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். இன்னும் இரண்டு தடவை ஊதினேன். வண்டி வேகமெடுத்தது.

கல்யாணம் திருச்செங்கோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது. ஹவில்தார் வாசலில் வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார். மேளம் உச்சத்துக்குப் போனபோது தூணைப் பிடித்துக்கொண்டார். மேடையில் அன்பளிப்பைக் கொடுக்கும்போது, மணப்பெண் கழுத்து மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

"எங்கப்பாவ வண்டியில ஏத்தலையாமா. எனக்காகன்னு சொன்னீங்களாமா. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைக் காட்டி அந்தப் பெண் சொன்னது: "இவருகிட்ட மொத நாளே நான் எல்லாஞ் சொல்லிட்டேனுங்க. அதுக்கென்னன்னு கேட்டாரு."

ஆக, அந்த இரண்டு மாதமும் வீண். யாரிடம் எதை மறைப்பதற்காக ஒரு மனிதனின் தூக்கத்தைப் பிடுங்கினோமோ, அவருக்கு அது முதல் நாளே தெரியும். பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நானே வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன். வந்தார். அதே ஜன்னல் ஓரம்தான். ஆனால் கண்ணை மூடவில்லை. சேலம் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து அவர் வரவில்லை. கொஞ்ச நாளில் நானும் வேலையை விட்டேன்.

போன மாதம் டிரைவர் அண்ணன் சொல்லித்தான், அவரும் மனைவியும் மகளோடு எடப்பாடியில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் கண் முன்னாலேயே எங்காவது வீசிவிடலாம் என்று விசிலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வைத்திருப்பது நான்கு விசைத்தறி. பட்டறைக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, மூலையில் ஒரு கயிற்றுக் கட்டிலில், ஹவில்தார் தூங்கிக்கொண்டிருந்தார். பகல் பதினொரு மணி. மகள் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தது.

"தறி ஓடுனா ஆராச்சும் முழிச்சிருந்துதானுங்களே ஆகோணும். அது போதும் அப்பாவுக்கு" என்று என் காதருகே வந்து கத்திச் சொன்னது. டாக்டர்களும் ஆபீசர்களும் ஊரும் நானும் சேர்ந்து கண்டுபிடிக்காததை இந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கு ஏனோ வயிறு எரிந்தது. தூக்கத்தில் அவருடைய கால் அடிக்கடி வெட்டி வெட்டி இழுத்தது. கனவு போய்விடவில்லை.

எழுந்ததும் என்னைப் பார்த்து விறைப்பாக நின்றார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். விசிலை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். "குண்டுச் சத்தமாட்ட உங்களுக்குக் கேக்கும்னு தெரிஞ்சும் அன்னைக்கு ஊதிட்டேனுங்க. தப்புத்தானுங்க."

"குண்டுங்களா?" என்றார். எனக்குப் புரியாததைப் பார்த்து, விசிலை எடுத்துத் துண்டால் துடைத்தார். "அது இல்லைங்க சாமி. மேல மலையில நாங்க ஆறு பேருங்க. காவலுக்கு நிக்கறவங்கிட்ட ஒரு விசில் இருக்கும். அவன் ஊதுனா படுத்திருக்கறவங்க எல்லாரும் எந்திரிச்சு ஓடோணும். நான் மூணு நாளாத் தூங்கலைங்க. அன்னைக்கு அவன் ஊதுனது எங்காதுல உழுந்துச்சு. நல்லாவே உழுந்துச்சுங்க. இன்னொருக்கா ஊதட்டும், எந்திரிச்சுக்கலாம்னு படுத்திருந்தேன். அவன் மறுக்கா ஊதவே இல்லைங்க. ஊதறதுக்கு அவன் உசுரோட இல்லைங்க."

பட்டறைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு நீங்க ரெண்டு தடவை ஊதுனீங்க. அதானுங்க ஓடியாந்தேன்" என்று சொல்லி, விசிலை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். வீசவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. காற்றடித்தால் சுவரில் லொட்டு லொட்டென்று அடிக்கிறது. மனைவி அலுத்துக்கொள்கிறாள். ஏறுவதற்காக அவர் ஓடி வரவில்லை. விசில் ஊதிய என்னைக் காப்பாற்ற ஓடி வந்தார். அன்று நான் ஒரு தடவை மட்டும் ஊதியிருந்தால் போதும், வண்டி நின்றிருக்கும்.