இடது காலை நீட்டிய சலேத்மேரி

விளாங்குடியில் எங்கள் கோயிலில் பெரிய வியாழன் மாலைப் பூசையின்போது ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவு அது. அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே நகம் வெட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஃபாதரிடம் போய் அழுக்குக் காலை நீட்டினால் மரியாதையாக இருக்காதாம். நேரமாகிவிடும் என்று வலது காலை மட்டும் கழுவுவது எங்கள் வழக்கம்.

அவர்கள் உட்காரும் பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்று இருபது வருடமாக இன்னாசிமுத்து அண்ணனுடையது. கோயில் காரியங்களை முடிவுசெய்யும் பங்குப் பேரவையின் துணைத்தலைவர். துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். சமூக நீதி பற்றிக் கூட்டம் போட்டால் முதல் பேச்சு அவருடையதுதான். பேசும்போது கண் கலங்கிவிடும்.

சலேத்மேரி அவரிடம் பதினோரு வருடமாகச் சாக்கடை அள்ளுகிறவள். புருஷன் செத்த பிறகு மகளைப் படிக்கவைக்க வந்த வேலை. சனிக்கிழமைதோறும் கோயிலையும் கூட்டிக் கழுவுவாள். அதற்குப் பெயர் ஊழியம், அதனால் கூலி கிடையாது. வேலையாட்களுக்கு ரப்பர் பூட்ஸ் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருந்தது. அவள் இடது காலைக் கண்ணாடி கிழித்து ஒரு மாதமாகப் புண் ஆறவில்லை.

அந்த வருடம் வந்த புது ஃபாதர், இதுவரை உட்காராதவர்களை அனுப்பச் சொன்னார். எங்கள் தெரு ஜெபக்குழுவில் சலேத்மேரியின் பெயரைச் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு எனக்கு என்னையே ரொம்பப் பிடித்துப்போனது. பேரவையின் சார்பில் இன்னாசிமுத்து அண்ணனின் நாற்காலி மட்டும் அசையவில்லை.

பூசைக்கு முன் அவர் அவளிடம் வந்தார். பாடகர் குழுவோடு பக்கத்தில் நின்ற என் காதிலும் அது விழுந்தது.

"மேரி, வலது காலைத்தான் நீட்டணும். எடது கால் சேலைக்குள்ளயே இருக்கட்டும், என்னா? தொடர்ந்து வேலை வேணும்ல?"

அவள் தலையாட்டினாள்.

ஃபாதர் அவள் முன் மண்டியிட்டதும் புண்ணில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து இடது காலை நீட்டினாள். ஃபாதர் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அவர் அங்கியில் செருகியிருந்த மைக் தன் வேலையைச் செய்தது.

"என்னம்மா இது?"

"கண்ணாடி கிழிச்சுருச்சு ஃபாதர். வெறுங்காலோடதான சாக்கடையில எறங்குறோம்."

"பூட்ஸ் குடுக்கலையா?"

"அடுத்த நாற்காலில இருக்காகளே, அவுகளத்தான் கேக்கணும்."

கோயில் முழுக்கக் கேட்டது. உடனே எங்கள் பாடகர் குழுத்தலைவர் கையை உயர்த்தினார். அடுத்த பாட்டை உச்சத்தில் எடுத்தோம். நானும் தொண்டை கிழியப் பாடினேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஃபாதர் அவளுடைய இரண்டு கால்களையும் கழுவினார். பிறகு நகர்ந்து இன்னாசிமுத்து அண்ணனின் வலது காலையும் கழுவினார். சடங்கைப் பாதியில் நிறுத்த முடியாதல்லவா?

ஈஸ்டர் முடிந்ததும் வேலையாட்கள் எல்லாருக்குமாக நாற்பத்துமூன்று ஜோடி பூட்ஸ் வந்தது. அண்ணனின் தாராள மனசுக்குப் கோயில் பத்திரிகையான பங்கு மடலில் நன்றி போட்டோம், படத்தோடு. சலேத்மேரிக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. ஃபாதர் நேரில் போய்க் கேட்டபோது, "புண்ணோட இருக்கற பிள்ளைய எப்படி ஃபாதர் சாக்கடையில எறக்குறது?" என்று அண்ணன் உருகினாராம். பாதம் கழுவும்போது இனி மைக்கை அணைத்துவிட வேண்டும் என்று பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது. எங்கள் ஜெபக்குழு அவளுக்காக ஒரு ஜெபமாலை சொன்னது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். கூட வேலை பார்த்த காசிமாயன் பையோடு வந்திருந்தான்.

"அக்கா, ஒங்க அளவு பூட்ஸு. ஆளில்லாமக் கெடந்துச்சு, எடுத்தாந்துட்டேன்."

அவள் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. கழற்றி அவனிடமே கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இப்ப வீட்டு வேலைக்குல்ல போறேன். அங்கன செருப்பையே கேட்டுக்கு வெளிய விடச் சொல்றாக."