செண்பகம் கேட்ட லீவு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், சாயங்காலமானால் செண்பகம் இங்கிலீஷ் கிராமர் வகுப்பு எடுக்கிறாள். வருகிறவர்கள் பெரும்பாலும் சிப்காட் கம்பெனிப் பெண்கள். பலகையில் தப்பான வாக்கியம் ஒன்றை எழுதுவாள். அவர்கள் திருத்த வேண்டும். யார் தப்பு செய்தாலும் மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. அது அங்கே சட்டம்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் தணிகாசலம். செண்பகமும் ஒரு காலத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றவள்தான். அவன் சூப்பர்வைசர். ஆரணியில் அம்மா மூச்சுத் திணறிக் கிடக்கிறாள் என்று போன் வந்த காலையில், லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தாள். "மை மதர் ஈஸ் வெரி சீரியஸ். ஐ ஆம் வான்ட் லீவ்." படுபாவி, அதை ஷிப்ட் மீட்டிங்கில் மைக்கில் படித்தான். லைனே சிரித்தது.

"தப்பில்லாம எழுதிக்கினு வா. அப்பால லீவு," என்றான்.

அவள் திரும்பத் திரும்ப எழுதினாள். அவன் திரும்பத் திரும்பக் கிழித்துப் போட்டான். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டைத் தாண்டி ஓடினாள். ஆரணியில் தெருமுனையிலேயே சங்குச் சத்தம் கேட்டது.

அன்றைக்குக் கறுவியவள்தான். வேலையை விட்டாள், அஞ்சல் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தாள். படிப்பின் மேல் ஆசையா? மண்ணாங்கட்டி! அவனை ஒருநாள் நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் அவனே படியேறி வந்தான். மேனேஜர் பதவிக்கு இங்கிலீஷ் பரீட்சையாம்.

"எப்டியாவது பாஸ் பண்ண வெச்சிடுங்க மேடம்," என்றான்.

தொப்பியும் மாஸ்க்குமாக லைனில் நின்றவளின் முகம் அவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? அதுவே அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. முன் பெஞ்சில் உட்கார வைத்தாள். பலகையில் அந்த இரண்டு வரிகளையும் எழுதினாள்.

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தான். "இன்னா மேடம் இது! எந்தத் தத்தி எழுதிச்சு?"

"நான்தான் சார். உங்களுக்குத்தான் எழுதினேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவளை உற்றுப் பார்த்தான், முகம் வெளிறிப்போனது.

"செண்பகமா? அம்மா..."

"நீங்க லெட்டரக் கிழிச்சிக்கினு இருந்தப்பவே பூட்டாங்க."

செண்பகம் சாக்பீஸை அவன் கையில் திணித்தாள். அவன் பலகை முன்னால் போய் நின்றான். எழுத வரவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். "எத்தினி வாட்டி வேணும்னாலும் எழுதுங்க சார். ஊட்டுல யாரும் சீரியஸா இல்லியே."