எண்ணூற்று அறுபதாவது அடியில் நிலா

கந்தப்பனுக்கு நாற்பத்தொரு வயது. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லர். ராஜஸ்தான் முதல் ஜார்க்கண்ட் வரை போய்ப் பூமியில் ஓட்டை போட்டவர். அவருக்கு ஒரே ஆசை: ‘எட்டாம் கிழமை’ என்ற இணைய இதழில் தன் கதை வர வேண்டும். நடக்கவே முடியாதவற்றைச் சொல்லும் கதைகளுக்கும் கவிதைகளுக்குமான இதழ் அது. ஏழு கதைகள் அனுப்பி ஏழும் திரும்பிவிட்டன.

எட்டாவதைப் போர்க் குறிப்பு மாதிரியே எழுதினார். எத்தனை அடியில் என்ன வந்தது என்று ஒவ்வொரு போருக்கும் எழுதிப் பழகிய கை. ‘நானூறு அடி: யாரோ வெங்காயம் தாளிக்கும் வாசம். அறுநூறு: அடுத்த வாரத்து மழைச் சத்தம். எண்ணூற்று அறுபது: நிலா.’

அன்றுதான் வெண்ணந்தூர்ப் பக்கம் சென்னியப்பன் என்ற விவசாயியின் தோட்டத்தில் போர் போட்டு முடித்திருந்தார். விவசாயிக்கு அனுப்ப வேண்டிய குறிப்பும் இதழுக்கான கதையும் ஒரே செல்போனில் இருந்தன. சோறு பிசைந்துகொண்டே இடது கையால் அனுப்பியதில் இரண்டும் ஆள் மாறிப் போயின.

மறுநாள் இதழாசிரியர் கோகிலவாணி சேலத்திலிருந்து அழைத்தார்.

“‘நானூற்று இருபது: ஈரம் மட்டும். எழுநூறு: மறுபடியும் பாறை.’ என்ன வரிங்க. கவிதைப் பகுதியில போட்டுடறோம்.”

“மேடம், அது நெசமான போருங்க. கதை வேறங்க.”

கதையை உடனே அனுப்பினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: ‘நிலத்தடியில் நிலா என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்புகிற ஒரு மனிதராவது கதைக்குள் வேண்டும்.’

எட்டும் போனது என்று கந்தப்பன் உட்கார்ந்திருந்தபோது சென்னியப்பன் கூப்பிட்டார்.

“ஏப்பா கந்தப்பா, எண்ணூத்தி அறுவதுல நெலான்னு போட்டிருக்குதே.”

“அது வந்துங்க...”

“அது கெடக்கட்டும். வளர்பிறையா, தேய்பிறையா?”

“என்னங்க?”

“மோட்டாரு எறக்கோணுமல்ல? தேய்பிறையில எங்க ஊட்டுல எறக்கறதில்ல. மேல இருக்கற நெலாவுக்குக் காலண்டர் இருக்குது. கீழ இருக்கறதுக்கு நீதான சொல்லோணும்?”

அது வெறும் கதை, அங்கே வந்தது ஒன்றரை இஞ்சுத் தண்ணீர் என்று கந்தப்பன் உண்மையைச் சொன்னார்.

“தண்ணி வந்ததை நானுந்தான் பக்கத்துல நின்னு பாத்தனே. நெலாவைத்தான் பாக்கல. பதினஞ்சு வருசமா போர் போடறவன், இல்லாததையா எழுதுவ?”

“வளர்பிறைங்க” என்றார் கந்தப்பன்.

புதன்கிழமை, மேலும் கீழும் வளர்பிறையாக இருக்க, தேங்காய் உடைத்து மோட்டாரை இறக்கினார்கள். கந்தப்பனும் போயிருந்தார். தண்ணீர் பால் மாதிரி வந்தது. கல்மாவு கலந்து எல்லாப் புதுப் போரிலும் முதலில் அப்படித்தான் வரும். சென்னியப்பன் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார்.

“ஏனுங்க நிறுத்திட்டீங்க?”

“கரையுது பாரு. ஒரே நாள்ல எறைச்சா அமாவாசை ஆயிப்போயிரும். காத்தால கா மணி நேரம், பொழுதோட கா மணி நேரம். போதும்.”

கந்தப்பன் வரப்பிலேயே உட்கார்ந்து அவரைக் கதைக்குள் எழுதினார். படித்துக் காட்டி, “உங்க பேரைப் போட்டுக்கலாங்களா?” என்று கேட்டார்.

“பேரு போட்டுக்க. ஊரும் போட்டுக்க. சர்வே நம்பரு மட்டும் வேண்டாம்.” வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஆயிரம் அடி போட்டு நம்ம நெலாவை அவம்பக்கம் இழுத்துக்குவான்.”

வெள்ளிக்கிழமை கதை இதழில் வந்தது. சர்வே எண் வர வேண்டிய இடத்தில் மூன்று புள்ளிகள்.